14. ஐந்து மெஷினுக்கும் ஒரே கை

பத்து நாட்களாக வீட்டில் யாரும் உப்பிலியோடு சண்டை போடவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

திட்டினால் பதில் சொல்லலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் சமாதானம் பேசலாம். அம்புஜவல்லியோ எப்போதும் போல எழுந்து, எப்போதும் போல வாசல் தெளித்து, "தம்பி, காபி ஆறுது" என்று டம்ளரை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவன் மனைவியின் அக்கா அவள். ஆறு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறாள். அந்தக் காபி தொண்டைக்குள் இறங்குவதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நடந்ததை ஊரே பேசி முடித்துவிட்டது. நாமும் ஒரு தடவை சொல்லிக்கொண்டால் குடி முழுகிவிடாது.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு மில். அதன் ஆபீசில் ஐந்து கம்ப்யூட்டர், ஒரு சர்வர். அத்தனைக்கும் கேபிள் இழுத்து இணைத்துக் கொடுத்தவன் உப்பிலி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று போர்டு மாட்டியிருக்கிற இரண்டு பேரில் ஒருவன். அந்த ஆபீசில் கடிதமும் பேக்கிங் லிஸ்டும் அடிக்கிற வேலை அம்புஜவல்லிக்கு. ஒரு லிஸ்டில் பெட்டிகளின் அளவு மாறியிருந்ததை வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருத்தி வைத்ததாக அவள் சொன்னாள். சனிக்கிழமை காலை அச்சில் வந்ததோ திருத்தாத பழைய லிஸ்ட். அதை வைத்துக்கொண்டு லாரி தூத்துக்குடிக்குப் போயிற்று. துறைமுகத்தில் பெட்டியைத் திறந்தார்கள். நாலு இஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இஞ்சு இருந்தது. போன சரக்கு அத்தனையும் திரும்பி வந்தது.

"நான் திருத்தினேன் சார். மெஷின்தான் மறந்துட்டுது" என்றாள் அம்புஜவல்லி.

மேனேஜர் ராஜரத்தினம் உப்பிலியைக் கூப்பிட்டுக் கேட்டார். ஆபீஸே சுற்றி நின்று பார்த்தது. உப்பிலி சர்வரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கம்ப்யூட்டர் தானா எதையும் மறக்காது சார். சேமிச்சிருந்தா இருந்திருக்கும்."

அம்புஜவல்லியின் வேலை போயிற்று. வேலை போனால் இன்னொரு வேலை வரும். பொய்க்காரி என்று வந்த பேர் லேசில் போகுமா?

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வ. புதுப்பட்டியிலிருந்து யதிராஜன் வருகிறார். அம்புஜவல்லியின் புருஷன் நம்பிக்கு அண்ணன். நம்பி நல்ல நேரத்தில் நல்லவன், குடித்தால் கை நீட்டுகிறவன். ஆறு வருடம் முன்பு தீபாவளிக்கு மறுநாள், உதடு கிழிந்து, கையில் தகரப்பெட்டியோடு வந்து நின்றவளை, "இது உங்க வீடு மதினி" என்று உள்ளே அழைத்தவன் இதே உப்பிலிதான். வேலை போன நாலாம் நாள் அவளே புதுப்பட்டிக்குக் கார்டு எழுதிப் போட்டுவிட்டாள், வந்து கூட்டிப்போங்கள் என்று. பொய்க்காரி என்று பேர் வாங்கியவள் தங்கை புருஷன் சோற்றை எத்தனை நாள் தின்பாள்?

"பெட்டி அடுக்கியாச்சு" என்றாள் வஞ்சுளவல்லி. பத்து நாளில் அவள் தன் புருஷனிடம் வாய் திறந்தது இது நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ.

"நீ சொல்லக் கூடாதா, போக வேணாம்னு?"

"என்னன்னு சொல்ல? பொய் சொன்னா சொன்னதாப் போகட்டும், இங்கனயே இருன்னா?"

அவள் முந்தானை முடிச்சிலிருந்து மூன்று தாள்களை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள்.

"பெட்டிக்கு அடியில கிடந்துச்சு. குப்பையில போடுன்னா அக்கா. எனக்கு மனசு வரல."

உப்பிலி தாள்களைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் அம்புஜவல்லியின் குண்டு குண்டான எழுத்து.

ஆடி எட்டு: 'நேற்று அடித்த கடிதம் காணவில்லை. தம்பியிடம் சொன்னேன். சிரித்தார்.'

ஆடி பதினைந்து: 'மறுபடியும். நேற்றுக் காலையில் இருந்தது இருக்கிறது. அதற்குப் பிறகு செய்த எதுவும் இல்லை.'

ஆடி இருபத்திரண்டு: 'லிஸ்ட் பழையபடி. மத்தியானம்தான் பார்த்தேன். லாரி போய்விட்டது. மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன்.'

சிரித்தார் என்ற ஒரு வார்த்தையை அவன் நாலைந்து தடவை படித்தான். சிரித்தது ஞாபகம் இருந்தது. கை கழுவிக்கொண்டே, "வயசாகுதுல்ல மதினி, மறந்திருப்பீக" என்று சொன்னதும் ஞாபகம் இருந்தது. அவளுக்கு நாற்பத்திரண்டு வயது.

தாள்களை மறுபடி முன்பக்கம் திருப்பினான். சனி. சனி. சனி.

"சட்டையை எடு" என்றான்.

"எங்க போறீக?"

"ராஜபாளையம். அஞ்சு மணிக்குள்ள வந்திருவேன்."

"வந்தா ஏதாவது கொண்டுட்டு வாங்க" என்றாள் வஞ்சுளவல்லி. "வெறுங்கையோட வாறதா இருந்தா அவ போன பொறவு வாங்க."

தேரடியில் பஸ் ஏறினான். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனான். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னோம் என்று பத்து நாளாகத் தன்னைத்தானே கேட்டு, பத்து நாளாகப் பதிலை மழுப்பிக்கொண்டிருந்தான். பதில் அவனுக்குத் தெரியும். அம்புஜவல்லியை அந்த வேலையில் சேர்த்துவிட்டவனே அவன்தான். மதினிக்குப் பரிந்து பேசுகிறான் என்று நாலு பேர் நினைத்துவிடுவார்களோ என்ற பயம். தராசு முள் மாதிரி நிற்கிறான் உப்பிலி என்று பேர் வாங்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசைக்கு அவளைக் காவு கொடுத்துவிட்டான்.

பஞ்சு மார்க்கெட்டில் இறங்கி மில்லுக்கு நடந்தான். வாட்ச்மேன் முத்துவீரன் சல்யூட் அடித்தான். அவனைப் பார்த்து நிமிரக்கூட உப்பிலிக்குக் கூச்சமாக இருந்தது.

ஆபீசில் அம்புஜவல்லியின் நாற்காலி காலியாக இருந்தது. உப்பிலி அவள் மெஷினில் உட்கார்ந்து அவள் பேரைப் போட்டான். பாஸ்வேர்டு தெரியாது. சர்வருக்குப் போய் வேறொன்று மாற்றிக் கொடுத்துவிட்டு வந்து உள்ளே நுழைந்தான்.

திரையில் கோபுரம் எழுந்து வந்தது. ஏதோ பத்திரிகையில் வந்த படத்தை ஸ்கேன் பண்ணி வைத்திருந்தாள். இடது ஓரத்தில் கடிதங்கள் ஒரு வரிசை, லிஸ்டுகள் ஒரு வரிசை, பூத்தொடுத்த மாதிரி நெருக்கமாக. ஆள் இல்லாத நேரத்தில் அவள் அறைக்குள் புகுந்துவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

இந்த ஏற்பாட்டை அவன்தான் பெருமையாகச் செய்து கொடுத்தான். ரோமிங் புரொஃபைல் என்று பேர். ஒருவர் எந்த மெஷினில் போய்த் தன் பேரைப் போட்டாலும், அவருடைய திரை, வைத்த இடத்தில் வைத்தபடியே அவர் கடிதங்கள் எல்லாம் சர்வரிலிருந்து அந்த மெஷினுக்கு வந்துவிடும். வேலை முடித்து வெளியே வரும்போது எல்லாம் மூட்டை கட்டிச் சர்வருக்கே திரும்பிவிடும். இதைக் கேட்டு ஆபீசிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் அம்புஜவல்லி. "அப்ப நான் எங்க போனாலும் என் வீடு எங்கூட வரும்னு சொல்லுங்க" என்றாள். சொந்த வீடென்று ஒன்று இல்லாதவள் அப்படிச் சொன்னது அன்றைக்கு அவனுக்கு உறைக்கவே இல்லை.

சனிக்கிழமை காணவில்லை என்றால் கெட்டது வெள்ளிக்கிழமை. அவன் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி ஆடி மாசத்து வெள்ளிக்கிழமைகளைப் பார்த்தான். எல்லா வெள்ளியிலும் அதே ஒரு ஆள் லீவு.

"அங்காளம்மா, ஆடி வெள்ளியெல்லாம் லீவு போட்டிருக்கீக?"

மூலை மெஷினில் இருந்த அங்காளம்மாள் திரும்பினாள். "இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேந்திருந்தேன் சார். ஆடி வெள்ளி தவறாம வாரேன்னு. ஏன், லீவு லெட்டர் கொடுத்துட்டுத்தான போனேன்?"

"அதுக்கில்ல. அன்னைக்கெல்லாம் உங்க மெஷின் அணைஞ்சேதான கிடக்கும்?"

"அதெப்படி அணைஞ்சு கிடக்கும்? காலையில அக்கா தொறந்து வச்சிருப்பாகல்ல."

"அவுக மெஷினைத்தான தொறப்பாக?"

அங்காளம்மாள் அவனை வேற்றூர்க்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அஞ்சையும் அவுகதான் தொறப்பாக. அவுக பேரைப் போட்டு, அவுக கையாலதான். கைராசி சார்! அக்கா தொறந்தா அன்னைக்கு ஆர்டர் வரும். பொறவு நாங்க வந்து அக்கா பேரை எடுத்துட்டு எங்க பேரைப் போட்டுக்கிடுவோம். நான் வராட்டா அது பாட்டுக்கு அக்கா பேர்லயே கிடக்கும்."

உப்பிலி மூலை மெஷினைத் திரும்பிப் பார்த்தான்.

"சாயங்காலம் அதை யாரு அணைப்பா?"

"நான்தான்!" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. முத்துவீரன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். "ஆறு மணிக்கு ஆபீசைப் பூட்டுததுக்கு முன்னால சுத்திப் பார்ப்பேன். எரியுத மெஷின் இருந்தா, நீங்க சொல்லிக்கொடுத்தபடியே, சுவிட்சைப் பிடுங்காம, முறையா மூடச்சொல்லி அமுக்கி, 'இப்போ அணைக்கலாம்'னு எழுத்து வந்த பொறவுதான் அணைப்பேன். ஒரு நாள்கூடத் தப்பினதில்ல சார்."

பாவம், பாராட்டை எதிர்பார்த்து நின்றான். அவன் ஒரே ஒரு நாள் சொன்ன பேச்சைக் கேட்காமல் சுவிட்சைப் பிடுங்கியிருந்தால் அம்புஜவல்லி தப்பியிருப்பாள்.

உப்பிலி அவள் பேரை இரண்டு மெஷினில் போட்டான். அவளுடைய மெஷினில் ஒன்று, மூலை மெஷினில் ஒன்று. அவள் மெஷினில் புதுசாக ஒரு கடிதம் அடித்துத் திரையில் வைத்துவிட்டு வெளியே வந்தான். பிறகு மூலைக்குப் போய், முத்துவீரன் செய்கிற மாதிரி முறையாக மூடினான். திரும்ப வந்து அவள் மெஷினைத் திறந்தான்.

கோபுரம் வந்தது. கடிதம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மெஷினிலும் ஒரே மூட்டை இறங்குகிறது. ஐந்து மணிக்கு அம்புஜவல்லி திருத்திய லிஸ்டோடு தன் மூட்டையைச் சர்வரில் கொடுத்துவிட்டுப் போகிறாள். ஆறு மணிக்கு மூலை மெஷின் காலையில் வாங்கிய பழைய மூட்டையைக் கொண்டுபோய் அதன் மேல் கொட்டுகிறது. சர்வருக்குக் கடைசியில் வந்ததே கணக்கு. மற்ற மெஷின்கள் காலையிலேயே கொட்டிவிடுவதால் தெரியவில்லை. அங்காளம்மாள் வராத வெள்ளிகளில் மட்டும் மூலை மெஷின் பொழுது சாய்ந்து கொட்டியது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதிவேட்டைக் கேட்டதிலிருந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

மேனேஜர் ராஜரத்தினம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பென்சிலை மேஜையில் உருட்டினார்.

"அப்ப அந்தம்மா பொய் சொல்லல."

"சொல்லல சார்."

"ஆனா அந்தம்மா பேரை அஞ்சு மெஷின்ல போட்டு வச்சதால வந்த வினை. அப்படித்தான?"

"அது... ஆமா சார்."

"எழுதிக் கொடுத்துருங்க. மேல முதலாளிக்கு நான் காட்டணும். உபயோகிக்கிறவங்களோட தவறான பழக்கம்னு ஒரு வரி போடுங்க. உங்க சிஸ்டத்து மேல பழி வராது, என் மேலயும் வராது. அந்தம்மாவும் பொய்க்காரி இல்லன்னு ஆயிடுது. எல்லாருக்கும் நல்லது."

உப்பிலி எழுதினான். எழுதும்போதே கை கொஞ்சம் தயங்கியது, உண்மைதான். ஆனாலும் எழுதினான். 'பயன்படுத்தியவரின் தவறான பழக்கமே காரணம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். எழுதியதில் பொய் எதுவும் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பொய் இல்லாமலே ஒருத்தியைக் கவிழ்க்க முடியும் என்பதை வெளியே வந்ததும் தெரிந்துகொண்டான்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

"அப்ப அக்கா கையாலதான் சரக்கு திரும்புச்சா?" என்றாள் அங்காளம்மாள். குரலில் துளி விஷமம் இல்லை. நிஜமான பயம்தான் இருந்தது. "ராசியான கைன்னுல்ல நினைச்சிருந்தோம்! புருஷன் வீட்டுலயும் விளங்கல, இங்கயும்... நாங்க பாட்டுக்குத் தினம் அந்தக் கையால தொறக்கவிட்டோமே."

அவள் தன் மெஷினை லேசாகத் துடைத்துக்கொண்டாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததிலேயே எல்லோரும் ஒத்துக்கொண்டது தெரிந்தது.

உப்பிலிக்கு அப்போதுதான் உறைத்தது. வாழாவெட்டி என்று முதுகுக்குப் பின்னால் பேசப்படுகிற ஒருத்திக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே மரியாதை அந்தக் கைராசி. பொய்க்காரி என்ற பேரை எடுத்துவிட்டு அதைவிட மோசமான ஒன்றை வைத்துவிட்டுப் போகப் பார்க்கிறான்.

"யாரு ஆரம்பிச்சா இந்தப் பழக்கத்தை?" என்று கேட்டான். கோபமாகத்தான் கேட்டான்.

"நீங்கதான சார்" என்றாள் அங்காளம்மாள்.

"நானா?"

"மறந்துட்டீகளா? சித்திரையில சாமி கும்பிட்டு மெஷின் தொறந்தமே, அன்னைக்கு. முதலாளி அஞ்சையும் ஓட்டிக் காட்டச் சொன்னாக. எங்க யார் பேரும் உள்ள போகல. அக்கா பேரு மட்டுந்தான் போச்சு. நீங்கதான் சொன்னீக, 'மதினி, அஞ்சையும் நீங்களே தொறங்க, உங்க கை ராசியான கை'ன்னு. அந்த வாரமே பெரிய ஆர்டர் வந்துச்சு. அன்னையிலேருந்து அப்படித்தான்."

ஞாபகம் வந்துவிட்டது. சந்தனம், ஊதுபத்தி, முதலாளி பின்னால் கைகட்டி நின்றது. மற்ற நாலு பேரின் பெயர்களைச் சர்வரில் ஏற்றி முடிக்காமலே திறப்பு விழாவுக்கு வந்துவிட்டான். வேலை பாதியில் நிற்பது தெரியக் கூடாதென்று, கையில் கிடைத்த ஒரே பேரை ஐந்து மெஷினிலும் போட வைத்தான். மெழுகி மறைக்க வாயில் வந்த வார்த்தை கைராசி. அவள் அன்றைக்கு முகமெல்லாம் மலர்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு மெஷினாகப் போனாள்.

தன் அரைகுறை வேலையை மூட அவளை முன்னால் நிறுத்தினான். அரைகுறை வேலையால் கெட்டபோது அவளைப் பொய்க்காரியாக்கினான். இப்போது ராசியில்லாதவளாக்கிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். தான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று அவனுக்கே இப்போதுதான் தெரிந்தது.

மறுபடியும் கண்ணாடித் தடுப்புக்குள் போனான்.

"சார், அந்தப் பேப்பரைக் கொடுங்க."

"எதுக்கு? முடிஞ்சுபோச்சே."

"முடியல சார். எல்லாரையும் செத்த உள்ள கூப்பிடுங்க. அன்னைக்கு எல்லார் முன்னாலயும்தான் சொன்னேன்."

"விட்டுத் தள்ளுங்க உப்பிலி..."

அவன் விடவில்லை. கதவைத் திறந்து அவனே கூப்பிட்டான். அங்காளம்மாளும் மற்றவர்களும் வந்தார்கள். முத்துவீரன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான்.

"அவுக பழக்கம் இல்ல, என் தப்பு" என்றான் உப்பிலி. "வேலையை முடிக்காம, நான்தான் அவுக பேரை அஞ்சு மெஷின்லயும் போடச் சொன்னேன். ஒருத்தர் பேரை ஒரே நேரத்துல ரெண்டு மெஷின்ல வச்சா இப்படி ஆகும்னு எனக்குத் தெரியணும். தெரியாமச் செஞ்சேன். மெஷின் மறக்குதுன்னு அவுக ஒரு மாசம் முன்னாலேயே எங்கிட்டச் சொன்னாக. நான் சிரிச்சேன். நீங்க கேட்டப்போ பார்க்காமலே பதில் சொன்னேன். அவுக கையில ஒரு குத்தமும் இல்ல. கெட்டது என் வேலை."

ராஜரத்தினத்துக்குக் கோபம் வந்தால் தமிழுக்கு முன்னால் தெலுங்கு வந்து நிற்கும்.

"ஏமய்யா! இதை இப்ப வந்து சொல்றீக! துறைமுகத்துல நான் நின்ன நிலைமை தெரியுமா?" பென்சில் உருண்டு கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "இனிமே நாங்க மதுரையிலேருந்து ஆள் கூப்பிட்டுக்கிறோம். நீங்க வர வேணாம்."

"சரி சார். அவுகளுக்கு ஒரு லெட்டர் மட்டும் கொடுத்துருங்க. வேலைக்கு வரச்சொல்லி. தப்பு அவுக மேல இல்லன்னு எழுதி."

லெட்டரை அங்காளம்மாள்தான் அடித்தாள். அடித்து முடித்து அவனிடம் கொடுக்கும்போது தலையைக் குனிந்துகொண்டாள். "அக்காகிட்ட நான் சொன்னதைச் சொல்லிராதீக சார்" என்றாள்.

நாலு மணிச் சங்கு ஊதியது. உப்பிலி பஸ்ஸுக்கு ஓடினான்.

வீட்டை அடைந்தபோது யதிராஜன் வந்திருந்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பு மேஜைமேல் இருந்தது. கூடத்துச் சுவரோரம் அதே தகரப்பெட்டி. பக்கத்தில் அம்புஜவல்லி வெளுத்த நீலச் சேலையில் நின்றாள். வஞ்சுளவல்லி அடுப்படி நிலையைப் பிடித்தபடி புருஷனின் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

உப்பிலி கவரை நீட்டினான்.

"மதினி, தப்பு என் மேல. அங்க எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். திங்கக்கிழமை உங்களை வரச்சொல்லி இருக்காக."

அவள் பிரித்துப் படித்தாள். அவசரமில்லாமல், ஒவ்வொரு வரியாக. அவன் மூச்சுவிடாமல் சொன்னான்: ஐந்து மெஷின், மூலை மெஷின், முத்துவீரன், இருக்கன்குடி, சித்திரையில் தான் சொன்ன கைராசி, எல்லாவற்றையும். யதிராஜனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்புஜவல்லிக்கு எல்லாம் விளங்கியது.

"அப்ப நான் திருத்தினது நெசந்தான்" என்றாள் மெதுவாக. "எனக்கே சந்தேகம் வந்துட்டுது தம்பி. நாமதான் மறந்துட்டமோன்னு. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்ப்பேன்."

அவன் நிமிரவில்லை.

"கண்டுபிடிக்க எம்புட்டு நேரமாச்சு?"

பொய் சொல்லலாம். அரை நாள் என்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

"பத்து நிமிஷம்" என்றான்.

அம்புஜவல்லி கடிதத்தை மடித்தாள். மடித்ததை மறுபடியும் மடித்தாள்.

"அன்னைக்கு அந்தப் பத்து நிமிஷம் ஏன் பார்க்கல?"

"நீங்க எங்க வீட்டு ஆளு. பரிஞ்சு பேசுதான்னு நாலு பேர் சொல்லிருவாகளோன்னு..."

"வெளியாளா இருந்திருந்தா பார்த்திருப்பீக?"

ஆமாம் என்று உப்பிலி தலையை மட்டும் ஆட்டினான்.

"சரி தம்பி. இனிமே நான் வெளியாளாவே இருந்துக்கிடுதேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கவரை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு யதிராஜன் பக்கம் திரும்பினாள். "உங்களை வீணா அலைய வச்சிட்டேன். நான் அங்கயும் வரல. நீங்க காபியைக் குடிச்சிட்டுச் செத்த இருந்துட்டுப் போங்க. திங்கக்கிழமை எனக்கு வேலை இருக்கு." பிறகு குனிந்து பெட்டியைத் தூக்கினாள்.

உப்பிலி பாய்ந்து வந்து பெட்டியின் காதைப் பிடித்தான்.

"எங்க போறீக மதினி?"

"விடுங்க தம்பி. என்னால தூக்க முடியும்."

விட்டுவிட்டான். அவள் வாசலைத் தாண்டினாள். வஞ்சுளவல்லி ஒரு கணம் புருஷனைப் பார்த்தாள், ஆணியில் மாட்டியிருந்த தன் பையை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் அக்கா பின்னால் போனாள்.

"என்னப்பா இது?" என்றார் யதிராஜன். காபி டம்ளர் அவர் கையில் அந்தரத்தில் நின்றது.

உப்பிலி வாசலுக்கு வந்தான். எதிர்வீட்டில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் நாரைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார்கள். பக்கத்து வீட்டு ஜன்னலில் இரண்டு முகம். தகரப்பெட்டியோடு போகிற அக்காவையும் அவள் பின்னால் வெறுங்காலோடு ஓடுகிற தங்கையையும் தெருவே பார்த்தது.

கூப்பிட வேண்டும். தெரு அதிரக் கூப்பிட வேண்டும். இது உங்க வீடு மதினி என்று ஆறு வருடம் முன்பு சொன்னானே, அதையே இப்போது கத்திச் சொல்ல வேண்டும். வாய் திறந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்களே, கூட்டம் கொஞ்சம் கலையட்டும், பின்னால் போய்த் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

தோன்றிய மறு நொடியே தெரிந்துவிட்டது, அன்றைக்கு ஆபீசில் அவளைக் கைவிட்டதும் இதே நாலு பேருக்காகத்தான் என்று.

"மதினி!" என்று கத்தினான்.

அதற்குள் அவர்கள் மூலை திரும்பியிருந்தார்கள்.